முள் ஓடும்போது ஐஸ் உடைக்கக் கூடாது

என் மனைவி மிஸாவோ, கையில் ஒரே ஒரு ஐஸ் குத்தூசியை வைத்துக்கொண்டு, ஜப்பானிலேயே பெரிய ட்ரம்ஸ் கலைஞர் ஒருவரை நான்கு நிமிடம் தன் பின்னால் ஓடவிட்டாள். அது இசைத்தட்டாகவும் வந்திருக்கிறது. பாரிஸில் ஒருவர் அதைக் கேட்டு மயங்கி விழுந்தார். மயக்கம் தெளிந்ததும் இன்னொரு முறை கேட்டு இன்னொரு முறை விழுந்தார்.

சரி, பாரிஸ்காரர் விழுந்ததை நான் பார்க்கவில்லை. மற்றதை எல்லாம் பார்த்தேன்.

இதை ஹகோதாதே ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. என் டிராமில் ஏறியவர்களிடம் சொன்னேன்; இறங்கியவர்களை நிறுத்தி வைத்தும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பனிப்புயலில் நின்றுபோன என் டிராமைக் கணவாய் மீன்கள் கூட்டமாக வந்து துறைமுகத்திலிருந்து பணிமனை வரை இழுத்துவிட்டன என்றும், கடைசி மீனிடம் நான் டிக்கெட் கேட்டபோது அது என் முகத்தில் மை துப்பியது என்றும் இதே வாயால்தான் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட வாயிலிருந்து ஒரு உண்மை வந்தால் யார் கவனிப்பார்கள்?

ஊர் நம்பாததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மிஸாவோவின் அண்ணன், என் மச்சான் நெமொட்டோ நம்பவில்லை. அதுதான் உறுத்தல்.

மச்சான் 'மூடுபனி' என்ற ஜாஸ் காபிக்கடையின் முதலாளி. மலைச்சரிவுத் தெருவில், டிராம் திரும்பும் முனையில் இருக்கிறது. சுவர் முழுக்க இசைத்தட்டு. தட்டுகளின் கனத்தில் கடை வருஷத்துக்கு ஒரு விரற்கடை கடலை நோக்கி நகர்கிறது என்று நான் சொல்வதுண்டு. மச்சானின் காது அதைவிடப் பெரிய அதிசயம். எதிர்த் தெருப் பூனை மனசை மாற்றிக்கொண்டால் அவருக்குக் கேட்கும். ஒரு தட்டை அரை நிமிடம் கேட்டால், வாசித்தவன் காலையில் சாப்பிட்டானா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

அந்தக் கடையில் பேசக் கூடாது. வேண்டிய தட்டின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். ஒரு ஆளுக்குத் தட்டின் ஒரு பக்கம்தான் ஓடும். பெரிய பெயர் உள்ளவர்களின் தட்டை அதிகம் கேட்டால் மச்சான் முகம் சுளிப்பார். யாருக்கும் புரியாத ஒன்றைக் கேட்டால், கீச்சும் முக்கலுமாக ஏதோ ஒன்று, அன்றைக்குக் காபியோடு ஒரு பிஸ்கட் வரும். தட்டின் மேல் முள் ஓடிக்கொண்டிருக்கும்போது காபிக்கொட்டை அரைக்கக் கூடாது. குழாயைத் திறக்கக் கூடாது. முக்கியமாக, ஐஸ் உடைக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த இடைவெளிதான் மிஸாவோவின் ராஜ்யம். சத்தம் ஓய்ந்ததும் தகரத் தட்டில் ஐஸ் பாளத்தை வைப்பாள். குத்தூசியால் மெதுவாக இரண்டு தட்டு. அது ஐஸின் நரம்பைத் தேடுவதற்கு. பிறகு ஒரு குத்து. டக், டக், சடக். ஒரே குத்தில் பாளம் சொன்னபடி பிளக்கும்.

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர். பக்கம் முடிந்த பிறகும் அந்த லயிப்பிலேயே உட்கார்ந்திருப்பார். முள் இசை தீர்ந்த வெறும் கோட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் டக் டக் சடக் கேட்டால்தான், இந்தப் பக்கம் அவர் கை எழும்பி முள்ளைத் தூக்கும். அண்ணனும் தங்கையும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவள் உடைப்பாள், இவர் மாற்றுவார்.

நான் அங்கே போனது ஜாஸுக்காக இல்லை. கால் விறைத்துப்போய், ஒதுங்கத்தான் போனேன். அன்று ஓடிய சாக்ஸபோன் எனக்கு, பிரேக் பிடிக்காத டிராம் சரிவில் இறங்குவது போல இருந்தது. ஓடிவிடலாம் என்று எழுந்தபோது கவுண்டருக்குப் பின்னால் மிஸாவோவைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

பேசவே கூடாத கடையில் ஒரு பெண்ணை எப்படி நெருங்குவது? சூடான காபி சொன்னால், வைத்துவிட்டு நொடியில் போய்விடுவாள். ஐஸ் காபி சொன்னால், என் எதிரிலேயே நின்று ஐஸ் உடைக்க வேண்டும். ஆகையால் அந்தக் குளிர்காலம் முழுக்க, வெளியே மீசை ஒடிந்து விழும் குளிரில், நான் ஐஸ் காபி குடித்தேன். வயிற்றுக்குள் உறைந்ததெல்லாம் மே மாதம் செர்ரி பூத்தபோதுதான் உருகியது.

ஒரு நாள் இரண்டு தட்டுகளுக்கு நடுவில், தலை நிமிராமல் கேட்டாள்.

"உங்களுக்குப் பைத்தியமா?"

"ஆமாங்க," என்றேன்.

அதற்குள் மச்சான் அடுத்த தட்டைப் போட்டுவிட்டார். அந்த மாதம் நாங்கள் பேசியது அவ்வளவுதான். அதையே நான் டிராம் ஓட்டிக்கொண்டே நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். இரண்டு நிறுத்தங்களில் நிற்காமல் போய்விட்டதாகப் புகார் வந்தது.

அந்தப் பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்து நேரிலேயே வாசித்தார்கள். சாக்ஸபோன் ஹிராகி, ட்ரம்ஸ் குசனோ. மெட்டும் கிடையாது, தாளக் கணக்கும் கிடையாது, அந்த நேரத்துக்கு எது வருகிறதோ அதுதான் வாசிப்பு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மச்சான் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவு நாடாவோடு உட்கார்ந்துவிட்டார். கடை நிறையக் கூட்டம். எல்லாரும் ஜாஸ் பித்துப் பிடித்தவர்களாயிற்றே, கவுண்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல் பிடுங்கப் போகிறவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். கேட்க வந்தவர்களில் கண் திறந்திருந்தவன் நான் ஒருவன். எனக்குப் பார்க்க வேண்டியது இருந்தது.

ஆரம்பிப்பதற்கு முன்பே ஐஸ் காபி சொல்லிவிட்டேன். முடியட்டும், பிறகு தருகிறேன் என்று மிஸாவோ கண்ணாலேயே சொன்னாள்.

ஹிராகி ஊதினார் பாருங்கள், ஜன்னலில் படிந்த பனி எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. சட்டென்று நிறுத்திவிட்டார். குசனோவும் நிறுத்தினார். அது அவர்கள் வழக்கமாம், நடுவில் ஒரு நீண்ட மௌனம். வந்தவர்களுக்குத் தெரியும். மிஸாவோவுக்குத் தெரியாது. அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு குவளை துடைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் ஓய்ந்தது. அந்தக் கடையில் சத்தம் ஓய்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கை தானாகப் போய் பாளத்தை எடுத்தது.

டக், டக், சடக்.

குசனோ தலையை நிமிர்த்தினார். வாசித்த இருவரில் அவர்தான் கவுண்டரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர். குச்சியால் ட்ரம்மின் ஓரத்தில் அதே மாதிரி பதில் சொன்னார்.

மிஸாவோ திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. செய்த காரியம் புரிந்துவிட்டது. குத்தூசி அந்தரத்தில் நிற்கிறது. குசனோவின் குச்சியும் அந்தரத்தில் நிற்கிறது. அவர் காத்திருக்கிறார். அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன கண்டேன் சங்கீதத்தை? என் முன்னால் இருந்த காலிக் குவளையை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அவள் உதட்டைக் கடித்து, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, உடைத்தாள்.

அவள் ஒன்று குத்த, அவர் இரண்டு சொல்ல, அவள் பாளத்தைத் தகரத்தில் கரகரவென்று திருப்ப, அவர் தாளத்தட்டின் விளிம்பை வருட, இவள் போகும் இடத்துக்கெல்லாம் அவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். நான்கு நிமிடம். கடைசியில் துண்டுகள் என் குவளைக்குள் விழுந்தன. சலங்கை சிந்தினாற்போல ஒரு சத்தம். அதன்மேல் ஹிராகியின் சாக்ஸபோன் மெதுவாக வந்து படுத்துக்கொண்டது. முடிந்து எல்லாரும் கண்ணைத் திறந்தபோது மிஸாவோ கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குசனோ கவுண்டரை நோக்கி இடுப்பு மடங்கக் குனிந்து வணங்கினார். கூட்டம் தங்களைத்தான் வணங்குகிறார் என்று நினைத்துக் கை தட்டியது.

மச்சான் அதைத் தட்டாகப் போட்டார், சில நூறு பிரதிகள். போகப் போக ஜாஸ் வட்டாரத்தில் அது பெரிய பொக்கிஷமாகிவிட்டது. அந்த நான்கு நிமிடத்தில் ஒலிப்பது என்ன கருவி என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். சைபீரிய மந்திரவாதிகளின் எலும்பு வாத்தியம் என்று ஒருவர் எழுதினார். கருவியே இல்லை, அது காலம் உடைகிற ஓசை என்று ஒரு பேராசிரியர் எழுதினார். குசனோ கையில் சின்ன மணி ஒன்று வைத்திருந்தார், அதுதான் என்று மச்சான் சாதித்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லை. குசனோ சில வருஷங்களிலேயே போய்விட்டார். ஹிராகி வாத்தியத்தை வைத்துவிட்டுத் தெற்கே எங்கோ ஆரஞ்சுத் தோட்டம் போட்டவர், அவரும் இல்லை.

மிஸாவோ என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வாசிக்கும்போது நான் ஐஸ் உடைச்சேன்னு தெரிஞ்சா உசுரையே விட்டுருவார்."

சத்தியத்தைக் காப்பாற்றினேன். அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. மற்ற எல்லாரிடமும் சொன்னேன். கல்யாணம் ஆன மறுமாதமே அது சுற்றிக்கொண்டு அவர் காதுக்குப் போய்விட்டது. தட்டு மாற்றும் இடைவெளியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மாப்ளே, கணவாய் மீன் கதை பத்தாதா? என் தங்கச்சியையும் இழுக்கணுமா?"

"நெசம் மச்சான். என் கண்ணால பார்த்தேன்."

"அவ என் கடையில வளந்தவ. வாசிக்கும்போது தும்மல் வந்தாக்கூட முழுங்கிருவா. அவளாவது, ஐஸ் உடைக்கிறதாவது!" என்றவர் மிஸாவோ பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவன் சொல்றது நெசமா?"

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, இவர் சொல்றதுல எது நெசம்னு எனக்கே இன்னும் பிடிபடலை."

பாருங்கள் சாமர்த்தியத்தை, ஒரு சொல் பொய் இல்லை. மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றோடு அது வேடிக்கைக் கதைகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

மச்சானுடைய சொந்தப் பிரதியில் மட்டும் சரியாக அந்த இடத்தில் ஒரு கொத்துக் கீறல் உண்டு. எப்போதாவது அதை ஓட்டினால் அந்த இடத்தில் அவர் கை ஆடி, முள் இழுபட்டுவிடும். "உன் டிராம் போய்த் தொலைஞ்சுது மாப்ளே, கடையே குலுங்கிருச்சு. பாரு, கை ஆடிருச்சு," என்று என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, அதோடு எடுத்து உறையில் போட்டுவிடுவார். ஊரில் எது கெட்டாலும் காரணம் என் டிராம்தான் என்பதால் நானும் பதில் சொன்னதில்லை.

போன இலையுதிர் காலத்தில் மிஸாவோ போய்விட்டாள்.

கடைசி நாட்களில் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. நர்ஸ் ஒரு கிண்ணத்தில் ஐஸ் கொண்டுவந்து, சின்னச் சின்னதாக நாக்கில் வைக்கச் சொன்னாள். மெஷினில் விழுகிற, எல்லாம் ஒரே அளவான ஐஸ். மிஸாவோ அதைப் பார்த்துச் சிரித்தாள். "இது உடைச்சதில்ல. கொட்டினது," என்றாள். நான் சந்தைக்கு ஓடி ஒரு பாளம் வாங்கிவந்து, ஆஸ்பத்திரிக் கழிவறையில் வைத்து, கரண்டிக் காம்பால் குத்தினேன். மாடி வரை தெறித்தது. ஒரு டாக்டர் வழுக்கி விழுந்து, அந்த வேகத்திலேயே இரண்டு வார்டு நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டார். இதைச் சொன்னதும் அவள் தோள் குலுங்கிற்று. பிறகு கட்டில் கம்பியில் விரலால் தட்டிக் காட்டினாள். மெதுவாக இரண்டு, அழுத்தி ஒன்று. இப்படி. என் விரலைப் பிடித்து வைத்தும் காட்டினாள். எனக்கு வரவில்லை. மறுபடி காட்டினாள். அதற்கு மறுநாள் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் குரலைத் தேடினேன். சிரிக்காதீர்கள், அலமாரி அலமாரியாகத் தேடினேன். ஒரு கேசட் இல்லை. பேசக் கூடாத கடையில் வாழ்ந்தவளை யார் பதிவு செய்வார்கள்? ஆள் இல்லாதபோது பதில் பேசும் தொலைபேசியில்கூட என் குரல்தான் இருந்தது, அதிலும் கணவாய் மீன் கதை. புகைப்படங்கள் நிறைய உண்டு. அவை வாயைத் திறப்பதில்லை. இந்த உலகத்தில் மிஸாவோ போட்ட சத்தம் என்று மிச்சம் இருந்தது அந்த நான்கு நிமிடம்தான். அதுவும் ஒரு சின்ன மணியின் பெயரில் இருந்தது.

கடையில் மச்சான் ஐஸ் மெஷின் வாங்கி வைத்துவிட்டார். உடைக்க வேண்டிய வேலை இல்லை. ஆனால் பக்கம் முடிந்தால் அவருக்குத் தெரிவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார். முள் வெறும் கோட்டில் சர்ர், சர்ர் என்று சுற்றிக்கொண்டிருக்கும். சொல்ல யாருக்கும் தைரியம் வராது. புதிதாக வருகிற இளசுகள் அதையும் வாசிப்பு என்று நினைத்துத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நல்ல தட்டு, பெயர் என்ன என்று ஒருவன் சீட்டெழுதிக் கேட்டதாகக்கூடச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். நான் அந்த சர்ர் ஒலியைக் கேட்டுக்கொண்டு, எதிரே காலியாகக் கிடக்கும் தகரத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பேச எனக்கு ஒன்றும் தோன்றாது. எனக்கு!

இந்த மாசிப் பனியில் டோக்கியோவிலிருந்து ஹஸுமி என்ற பெண் வந்தாள். அந்தத் தட்டை மறுபடி வெளியிடுகிறார்களாம். அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்க ஒரு மாதிரித் தட்டும் கொண்டுவந்திருந்தாள். முதல் வெளியீட்டின் உறையில் யார் என்ன வாசித்தார்கள் என்று எதுவுமே இல்லை. இந்த முறை போட வேண்டும்.

"சாக்ஸபோன் ஹிராகி, ட்ரம்ஸ் குசனோ, சரி. ஐயா, அந்த நாலு நிமிஷம் என்ன கருவின்னு நீங்க சொன்னா போட்டுரலாம். சாயந்திர ரயில்ல நான் கிளம்பணும், நாளைக்கு உறை அச்சுக்குப் போகுது," என்றாள்.

"சின்ன மணி. குசனோ," என்றார் மச்சான்.

"ஐஸ். மிஸாவோ," என்றேன் நான்.

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவர் என் தங்கச்சி புருஷன். டிராம் ஓட்டினவர். கணவாய் மீனுக்கு டிக்கெட் குடுத்தவர். இவர் பேச்சை எழுதிக்காதம்மா," என்றார் மச்சான்.

"கேட்டேன், குடுக்கலை. மீன் வாங்கலை," என்று திருத்தினேன். "மச்சான், மத்ததெல்லாம் பொய்னே வச்சுக்குங்க. இந்த ஒண்ணை மட்டும் விட்டுக்குடுங்க. உறையில ஒரே ஒரு வரி. 'ஐஸ்: மிஸாவோ.' நான் செத்தாலும் அவ பேரு அதுல இருக்கும்."

"அழிக்க முடியாத இடத்துல பொய்யை அச்சடிக்கச் சொல்றியா? அந்தத் தட்டு அவங்க ரெண்டு பேரோட உசுரு, மாப்ளே. எனக்கு மட்டும் தங்கச்சி மேல பாசம் இல்லையா? என் தங்கச்சி சத்தம் எனக்குத் தெரியாதா? பூனை நடந்தாலே கேக்கும் எனக்கு!"

நிரூபித்துவிடுகிறேன் பார் என்று கிளம்பினேன். பனி கொட்டி டிராம் எல்லாம் நின்றுபோயிருந்தது. நடந்தே சந்தைக்குப் போய், மீன் கடைக்காரரிடம் ஒரு ஐஸ் பாளம் வாங்கி, குழந்தையைப் போலத் தோளில் சாத்திக்கொண்டு வந்தேன். மிஸாவோவின் குத்தூசி கவுண்டருக்கு அடியில் இருந்தது. தகரத் தட்டில் பாளத்தை வைத்தேன். இரண்டு மெதுவாக, ஒன்று அழுத்தி.

பாளம் வழுக்கிக்கொண்டு ஓடியது. திரும்பப் பிடித்துக் குத்தினேன். ஒரு சில்லு பறந்துபோய் மச்சானின் மூக்குக்கண்ணாடியில் பட்டது. இன்னொரு குத்து. கல்லுடைக்கிற சத்தம். ஆஸ்பத்திரிக் கம்பியில் கேட்டது என் காதில் அப்படியே இருக்கிறது, கைக்கு மட்டும் வர மறுக்கிறது.

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுவா மாப்ளே தட்டுல இருக்கு? நீயே சொல்லு."

"இல்லை," என்றேன். வேறென்ன சொல்ல? என் கண்ணிலும் ஒரு சில்லு விழுந்திருந்தது. இரண்டு கண்ணிலும்.

குத்தூசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "மச்சான், உங்க காதைப் பத்தி ஊருக்கே தெரியும். ஆனா முள் ஓடும்போதுதான் நீங்க காதைத் திறப்பீங்க. முள்ளைத் தூக்கினா மூடிக்குவீங்க. அவ உங்க கடையில இருந்ததெல்லாம் ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் நடுவுல. நீங்க எப்ப கேட்டீங்க அவளை?"

கோபம் வந்தால் மச்சானுக்குக் காது மடல் சிவக்கும். சிவந்தது. தட்டுப் பெயர் எழுதும் சீட்டையும் பென்சிலையும் என் முன்னால் தள்ளினார்.

"கேக்கணும்னா எழுதிக் குடு. இது கடை."

எழுதிக் கொடுத்தேன். அவர் ஹஸுமி கொண்டுவந்த மாதிரித் தட்டை எடுத்தார். புத்தம் புதிது, ஒரு கீறல் இல்லை. முள்ளை இறக்கிவிட்டு, பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அந்தப் பெண்ணும் மூடிக்கொண்டாள். வழக்கம்போல நான் ஒருவன்தான் திறந்திருந்தேன்.

ஹிராகி ஊதினார். அந்தப் பிப்ரவரிப் பிற்பகல் திரும்ப வந்து கடையில் உட்கார்ந்தது. ஊதி ஊதி உச்சிக்குப் போய், சட்டென்று நின்றது. மௌனம். தெருவில் ஒரு சத்தம் இல்லை, பனி எல்லாவற்றையும் மூடியிருந்தது.

டக், டக், சடக்.

மச்சானின் கை எழுந்தது.

கண் திறக்கவே இல்லை. அவசரமும் இல்லை, நடுக்கமும் இல்லை. ஆயிரம் முறை செய்த காரியம்போல நிதானமாகப் போய் முள்ளைத் தூக்கியது. இடது கை அடுத்த தட்டுக்காகப் பக்கத்து அடுக்கைத் துழாவியது.

ஹஸுமி திடுக்கிட்டுப் பார்த்தாள். "ஐயா, இன்னும் முடியலையே?"

"முடிஞ்சிருச்சேம்மா," என்றார் மச்சான், கண்ணைத் திறக்காமலே. "ஐஸ் உடைக்கிறாளே."

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. கண்ணைத் திறந்தார். முள்ளைத் தாங்கிய கை அப்படியே நின்றது. கவுண்டரைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை; தகரத் தட்டில் நான் கொத்திவைத்த பாளம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலைப் பார்த்தார். தண்டவாளம் இருந்த இடமே தெரியவில்லை. பிறகு தன் பழைய பிரதியை எடுத்து, உறையிலிருந்து உருவி, வெளிச்சத்தில் சாய்த்து அந்தக் கீறல்களை வெகுநேரம் பார்த்தார்.

"டிராம் இல்லை," என்றார் மெதுவாக.

கீறல்களின் மேல் விரலை ஓட்டினார்.

"ஒவ்வொரு தடவையும், மாப்ளே... அவ ஆரம்பிச்ச உடனே நான் தூக்கிட்டேன். ஒரு தடவைகூட அவளை முடிக்க விடலை."

முள்ளை மறுபடி அந்த மௌனத்தின் விளிம்பில் இறக்கினார். இந்த முறை உட்காரவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. கவுண்டரைப் பார்த்தபடி நின்றார். கை எழும்பப் பார்த்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். டக், டக், சடக். குசனோவின் பதில். பயந்துபோய் அவள் நிறுத்திய அந்த இடம். அந்த இடத்தில் ஒரு சின்ன உரசல் கேட்கும், காது கொடுத்தால். மரத்தின் மேல் என் குவளை நகர்ந்த சத்தம். பிறகு அவள் தொடங்கினாள். பாளம் திரும்பியது, பிளந்தது, நொறுங்கியது, கடைசியில் துண்டு துண்டாக என் குவளைக்குள் விழுந்தது.

தட்டு முடிந்தது. முள் வெறும் கோட்டுக்கு வந்து சர்ர், சர்ர் என்றது. மச்சான் தானே போய்த் தூக்கி வைத்தார்.

"எழுதிக்கம்மா," என்றார் ஹஸுமியிடம். "ஐஸ், நெமொட்டோ மிஸாவோ. அவளுக்கு அப்ப கல்யாணம் ஆகலை, எங்க குடும்பப் பேருதான்."

என் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை அதில் சில்லு எதுவும் இல்லை.

"நடந்ததுதான், மாப்ளே," என்றார்.